செருப்பில் ஒட்டிய பூங்கா

எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். கோவில்பட்டி கடைவீதிக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பூங்காவில் நீரூற்று அமைப்பதென்று நான் முடிவு செய்தேன். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளைத் தீபாவளியை எதிர்பார்ப்பதுபோல எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரை மேலே பீய்ச்சி, சும்மா கீழே விழவைத்து அழகு பார்க்கலாம் என்று ஒருவனுக்குத் தோன்றுகிறதென்றால் அதற்குப் புத்தகங்கள்தான் பொறுப்பேற்க வேண்டும்.

நூலகத்தில் என் பெயரில் இரண்டு, மனைவி பெயரில் இரண்டு என்று வாரம் நான்கு புத்தகம் எடுத்து வருவேன். நான்கையும் நானே படிப்பேன். ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே படிக்க வேண்டியதைப் படிக்காமல் மற்றதையெல்லாம் படித்ததால் ஊரில் எனக்குப் படிப்பாளி என்று பெயர் வந்துவிட்டது. யாரும் பரீட்சை வைக்காதவரை அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

பரீட்சை ஒரு நோட்டீஸ் வடிவத்தில் வந்தது. கடைவீதிக்காரர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். தலைவர் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. பூங்காவை நடுவில் வைத்து, சுற்றியுள்ள கடைவீதியை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்று பொதுமக்கள் யோசனை எழுதித் தரலாம், நல்லவற்றைத் தொகுத்து நகராட்சிக்கு அனுப்புவோம் என்று அச்சடித்துக் கடைகடையாகக் கொடுத்தார்கள்.

பூங்கா என்று நானும் மரியாதைக்குத்தான் சொல்கிறேன். நான்கு பக்கம் முள்கம்பி வேலி. உள்ளே கரிசல் தரை, கால் உடைந்த இரண்டு பெஞ்சு, சாயங்காலம் செய்தி சொல்லும் ரேடியோவுக்கு ஒரு கம்பம். கிழக்கு வாசலை ஒட்டி ஒரு பெரிய வேப்பமரம். வேலிக்கு வெளியே நான்கு பக்கமும் மாட்டுவண்டி, சைக்கிள், பருத்திப் பொதி, வத்தல் மூட்டை, டீக்கடை. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும்.

அந்த வேப்பமரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். கடம்பூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆடு மாடு மேய்க்கிற குடும்பம். காலை ரயிலில் பானையோடு வந்திறங்குவார். வெயில் நாளில் மோர், மழை நாளில் அவித்த கடலை. ஊரில் எல்லாருக்கும் அவர் மோர்க்காரம்மாதான். என் வயதுதான் இருக்கும். கணவர் போன பிறகு குடும்பம் அந்தப் பானையில்தான் ஓடியது. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

திட்டம் எழுத வேண்டுமென்றால் முதலில் பூங்காவை அளக்க வேண்டும். அளவு நாடா வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து யாத்திரிகர்கள் காலடியால் எண்ணியே நாடுகளை அளந்தார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். என் நடையில் ஒரு எட்டு எடுத்து வைத்தால் இரண்டரை அடி நீளம். வீட்டுக் கூடத்தில் நடந்து நடந்து சரிபார்த்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து அப்போதுதான் தூறலாகியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மேற்கு வாசலில் ஆரம்பித்தேன்.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை பெய்தால் அது செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு, அதற்கும் அடியில் இன்னொன்று என்று இலவசமாகத் தைத்துக் கொடுக்கும். பத்தடி நடப்பதற்குள் ஆள் அரை சாண் உயர்ந்துவிடுவான். ஒவ்வொரு காலும் ஒரு படி அரிசி கனக்கும். நானோ எண்ணிக்கை தவறக்கூடாதே என்கிற ஒரே கவலையில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வேப்பமரத்தை நெருங்கியபோது, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மோர்க்காரம்மா, “செருப்பைக் கழத்திட்டு நடங்க சார்” என்றார்.

செருப்பு வீணாகிவிடுமே என்று பாவம் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். பொதுக்காரியத்தில் இறங்கியவன் செருப்பைப் பார்க்க முடியுமா? பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுக் கிழக்கு வேலிவரை எண்ணி முடித்தேன். பூங்கா நான் நினைத்ததைவிட ரொம்பப் பெரியதாக இருந்தது. நம் ஊரை நாமே குறைத்து மதிப்பிட்டிருக்கிறோமே என்று வருத்தம்கூட வந்தது.

பத்து நாள் இருந்து, பெரிய தாளில் மூன்று வண்ண மையில் வரைந்தேன். நடுவில் வட்டமாக நீரூற்று. அதற்கு மேற்கே ரோஜாத் தோட்டம். சுற்றிலும் கல் பாவிய நடைபாதை, இரும்புக் கிராதி வைத்த மதில். கிழக்கு வாசலில் வாத்தியக் கோஷ்டி உட்கார்ந்து வாசிக்க எட்டுப் பட்டை மேடை. எங்கள் ஊரில் அப்படி ஒரு கோஷ்டி கிடையாது. மேடை கட்டினால் வந்துவிடும் என்பது என் எண்ணம். மேடை வருகிற இடத்தில் வேப்பமரம் நின்றது. மரத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘அகற்றப்படும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மரத்துக்குக் கீழே யார் இருக்கிறார் என்பதற்கு வண்ணம் ஒதுக்கவில்லை.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். “வீட்டுக் குழாயில காத்துதான் வருது. ஊருக்கு நீரூற்று கட்டப் போறீங்களாக்கும். அதுல தண்ணி வார அன்னைக்குச் சொல்லுங்க, குடத்தோட வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. யோசனைகள் குவிந்திருந்தன. ஒருவர் பூங்காவுக்கு நான்கு வளைவு கேட்டார். வளைவில் தன் தகப்பனார் பெயர் பொறிக்கத் தயார் என்றார். இன்னொருவர் பூங்காவையே எடுத்துவிட்டால் வண்டி நிறுத்த வசதியாக இருக்கும் என்றார். ரேடியோவைச் சத்தமாக வைக்க வேண்டும் என்று ஒருவரும், ரேடியோவே வேண்டாம் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் எழுதியிருந்தார்கள். கடைசியாக நான் என் தாளைக் கரும்பலகையில் குத்தி விளக்கினேன். மூன்று வண்ணத்துக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “ஏ அப்பா, நம்ம ஊரா இது” என்றார். கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அதுதான் முதல் தடவை. கடைசியும் அதுதான்.

கைதட்டல் ஓய்ந்ததும் வாசற்படிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மோர்க்காரம்மா. வெளியே பானையை இறக்கி வைத்துவிட்டு, கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இதுல நான் எங்கன இருக்கேன் சார்?”

ஏதாவது சொல்லியாக வேண்டுமே. பிறகு தனியாக ஓர் இடம் ஒதுக்கப்படும் என்று சொல்லி, கையைத் தாளின் கிழக்கு ஓரத்தைத் தாண்டி, கரும்பலகையையும் தாண்டி, ஜன்னல் பக்கமாக வீசிக் காட்டினேன்.

“அப்ப தாளுக்கு வெளியன்னு சொல்லுங்க” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அண்ணாச்சியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “எங்களுக்குத் தாளு பாக்கத் தெரியாது அண்ணாச்சி. வீடு கட்டையில அஸ்திவார வானம் தோண்டுததுக்குக் கொத்தனார் கயிறு பிடிச்சுச் சுண்ணாம்புக் கோடு போடுவார்லா, அதுமாதிரித் தரையில போட்டுக் காட்டச் சொல்லுங்க. எது எங்கன வருதுன்னு நாங்களும் பாத்துக்கிடுதோம். பிறகு எந்திரின்னா எந்திரிக்கோம்.”

அண்ணாச்சி மூன்று கடை கட்டியவர். சுண்ணாம்புக் கோடு பார்க்காமல் ஒரு செங்கல் வைத்தவரில்லை. இதற்கு ஏன் தனக்குத் தோன்றவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் கோடு போடுவது, கோட்டைப் பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானமாயிற்று. எனக்கு மகிழ்ச்சிதான். மூன்று வண்ணத்தில் இருந்ததை நிஜ அளவில் பார்க்கப் போகிறோம். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மேடைக் கோடு விழுந்துவிட்டால் அந்த அம்மா பானையைத் தூக்க வேண்டியதுதான். தானே கேட்டு வாங்கிக்கொண்ட கோடு. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, “அவிய கேட்டது கோடு. எந்திரிக்கச் சொல்லப்போறது நீங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்திருந்தது. தரை காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. பாதிக் கடைவீதி வேலியோரம் நின்றது. மோர்க்காரம்மா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்; எதிரே பானை, பக்கத்தில் பூ விற்கிற, வெள்ளரிக்காய் விற்கிற இரண்டு பெண்கள். கொத்தனார் அளவுக் கயிற்றோடு வந்தார். நான் தாளைப் பார்த்து அளவு சொல்ல, அவர் மேற்கு வாசலிலிருந்து சுண்ணாம்பு தூவிக்கொண்டே வந்தார். நடைபாதை வந்தது. ரோஜாத் தோட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்தது முடியக் காணோம். பாதிப் பூங்காவை ரோஜாவே தின்றுவிட்டது. அண்ணாச்சி மெதுவாக, “ரோசா கொஞ்சம் தாராளமோ?” என்றார். நான் அழகுக்காக என்றேன்.

நடுவில் இருக்க வேண்டிய நீரூற்று, வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. இன்னும் மேடை பாக்கி. கொத்தனார் கயிற்றை இழுத்துக்கொண்டு போனார். வேப்பமரத்தைத் தாண்டினார். வேலியைத் தாண்டிக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். தெருவில் இறங்கினார். ஒரு மாட்டுவண்டியை ஒதுங்கச் சொன்னார். “இன்னும் எத்தனை அடி சார்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கத்தில் டீக்கடைப் பாய்லரைச் சுற்றி எட்டுப் பட்டையில் கச்சிதமாகச் சுண்ணாம்பு தூவினார்.

டீ மாஸ்டர் கிளாசும் கையுமாக எட்டுப் பட்டைக்கு நடுவில் நின்றார். “நான் மேடையில நின்னு ஆத்தணுமா, கீழ இறங்கி ஆத்தணுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். வேலியோரம் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு ரயிலடிவரை கேட்டிருக்கும். அகற்றப்பட வேண்டிய மரம் நின்ற இடத்தில் நின்றது; அதை அகற்ற வந்த மேடைதான் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தது.

வெயில் காலமாக இருந்தால் கரிசல் பிளந்து ஆளையே விழுங்கும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். மழைக்காலமானதால் எல்லா வெடிப்பும் மூடிக்கிடந்தது. போய் ஒளிந்துகொள்ள அந்த மண்ணும் எனக்கு இடம் தரவில்லை. கயிறு தப்பு என்றேன். கொத்தனார் முகம் மாறியது. அண்ணாச்சி, “நீங்க எதை வச்சு அளந்தீங்க?” என்று கேட்டார். காலால் என்று சொன்னதும் சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. யாரோ ஒருவர், சாருக்குக் கால் குட்டையா, பூங்கா நெட்டையா என்று கேட்டார். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி, சரி இதைத் தள்ளிவிட்டு அடுத்த யோசனையைப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மோர்க்காரம்மா எழுந்து வந்தார்.

“சிரிக்காதீங்க. அவிய அளந்த அன்னைக்கு நான் இங்கனதான் இருந்தேன். மழை. செருப்புல மண்ணு அப்பி, ஒவ்வொரு எட்டும் அரை எட்டாத்தான் விழுந்துது. எண்ணிக்கை கூடத்தான செய்யும்? நம்ம மண்ணு செஞ்ச வேலை அது, அவிய என்ன செய்வாவ? இந்தப் பூங்காவுக்குன்னு அந்தச் சகதியில இறங்கினது இவிய ஒருத்தர்தான். நீங்க எல்லாரும் கடைக்குள்ள இருந்தீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “தாளைத் தூரப் போடாண்டாம் அண்ணாச்சி. சுருக்கிப் போட்டாச் சரியாப்போகும்” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நானோ அப்போதுதான் என் கால்களைக் குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னது செருப்புக்காக இல்லை என்பது அந்த நிமிஷம்தான் இந்தப் படிப்பாளிக்கு விளங்கியது.

இன்னொன்றும் விளங்கியது. அண்ணாச்சிக்கும் அதே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். “சுருக்கினா மேடை எங்கன வரும்?” என்று என்னிடம் கேட்டார்.

கக்கத்திலிருந்த தாளை விரித்தேன். சுருக்கினால் மேடை தெருவிலிருந்து திரும்பிவந்து, வேலியைத் தாண்டி, நேராக வேப்பமரத்தின்மேல் ஏறும். எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். மரத்தடியில் பானை இருந்தது. அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் திட்டம் அன்றே சாக்கடைக்குப் போயிருக்கும். அவர் இடம் அவருக்கே இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேசியிருக்கிறார். கைகளைக் கட்டிக்கொண்டு, எந்திரி என்று சொல்லப்போகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடை வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். பென்சிலை எடுத்து, தாளில் மேடையின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

பிறகு நடந்ததற்கெல்லாம் நான் எழுத்தர் மட்டும்தான். செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, பென்சிலோடு அந்த அம்மாவின் பின்னால் நடந்தேன். கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பூங்காவையே அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பஸ்ஸில் இறங்கும் ஜனம் ரயிலடிக்கு இப்படிக் குறுக்காகத்தான் போகும், மதில் கட்டினால் மதிலில் ஏறிக் குதித்துத்தான் போகும், அதனால் பாதை கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்றார். குனிந்து பார்த்தேன். வேலியின் இரண்டு இடுக்குகளுக்கு நடுவே கால்பட்டுத் தேய்ந்த தடம் வெள்ளையாக ஓடியது. தினமும் அதில்தான் அலுவலகம் போகிறேன். காலையில் வேப்ப நிழல் எங்கே, பருத்தி போட வருகிறவர்கள் வண்டியைத் திருப்பும் மதிய நேரத்தில் எங்கே, ரேடியோ பாடும்போது எங்கே என்று குச்சியால் கோடு கிழித்தார். நிழல் போகிற பக்கமெல்லாம் பெஞ்சும் வட்டமாகப் போக வேண்டும் என்றார். வண்டிமாட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. கிராமத்திலிருந்து வரும் பெண்கள் வேலை முடியும்வரை வேலியோரம் காத்துக்கிடக்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு மறைவான இடம் வேண்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பூக்காரப் பெண் உடனே, “அதை முதல்ல எழுதுங்க சார்” என்றார். முதலில் எழுதினேன். டீ மாஸ்டர் வந்து தன் பங்குக்கு ஒரு குப்பைத்தொட்டி கேட்டார். கொத்தனார் பழைய கோட்டைக் காலால் கலைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். இந்த முறை எதுவும் தெருவுக்குப் போகவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு கேட்டேன். தப்பென்று தெரிந்திருந்தும் ஏன் அதைச் சரி செய்யச் சொன்னீர்கள், சும்மா இருந்திருந்தால் உங்கள் இடம் தப்பியிருக்குமே என்று.

“தப்பை வச்சு இன்னைக்கு எனக்கு இடம் கிடைச்சா, நாளைக்கு ஒருத்தர் சரியா அளந்துட்டு வருவார்லா சார். அவர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?” என்றார். பானைக்குள் அகப்பையை விட்டு ஒரு கிளாஸ் மோர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதுவரை வந்த எந்த யோசனையும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வரவில்லை. நான்கு புத்தகம் வீதம் எத்தனை வாரம் படித்தவன் நான்.

அந்த வாரம் திட்டத்தைத் திருத்தி வரைந்தேன், ஒரே ஒரு வண்ணத்தில். வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டு ‘மோர்’ என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கன இருக்கேன் என்று அவர் மறுபடி கேட்டார். வட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். “கொஞ்சம் மேக்க தள்ளியிருக்கு. பரவால்ல, காலையில நிழலு அங்கனதான் வரும்” என்றார்.

எழுதி அனுப்பியதில் பாதி நடந்தது; பாதி நடக்கவில்லை. குறுக்குப் பாதைக்குக் கல் விழுந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்ட் பெஞ்சு வந்தது. பெண்களுக்கான இடம் தாமதமாக வந்தாலும் வந்தது. நீரூற்று வரவில்லை. அதில் குடத்தோடு நிற்கும் வாய்ப்பு என் மனைவிக்குக் கிடைக்கவே இல்லை. அவ்வப்போது அதை எனக்கு ஞாபகப்படுத்துவாள். அந்தச் சிமெண்ட் பெஞ்சில் பிறகு எத்தனையோ மதியங்கள் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பார்கள். சுண்ணாம்புக் கோட்டுப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த அம்மா மண்ணைத்தான் குற்றம் சொல்வார். ஒருநாளும் என்னைச் சொன்னதில்லை.

இப்போதும் யாராவது என் முன்னால் ஒரு வரைபடத்தை விரித்து இங்கே இது வரும், அங்கே அது வரும் என்று சொல்ல ஆரம்பித்தால், நான் முதலில் பார்ப்பது அந்தத் தாளின் ஓரத்தை. அதற்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தேடிவிட்டு, அடுத்தபடியாக, சொல்கிறவரின் செருப்பை.